பாட்டுக்குள் நாலு பாட்டு: ராக் பாடல்களின் கட்டமைப்பை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். திரைக்குப் பின்னால் நின்றபடி வேஷக்காரர் விருத்தம் இழுக்கிறார். அதுவரை தாளம் இல்லை. விருத்தம் முடிந்ததும் மிருதங்கமும் ஜால்ராவும் சேர, தரு என்கிற தாளப் பாட்டு தொடங்குகிறது. அதே ஆள், அதே வேஷம். ஆனால் பாட்டு வேறு பகுதிக்குள் போய்விட்டது என்பது பாயில் அரைத் தூக்கத்தில் கிடக்கும் குழந்தைக்கும் புரியும்.

குவீன் குழு 1975-ல் வெளியிட்ட ‘பொஹீமியன் ராப்சடி’ தொடங்குவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். முதலில் குரல்கள் மட்டும், கறாரான தாளம் கைக்கு அகப்படாது. 49-வது நொடியில் பியானோ ஒரு நிதானமான ஓட்டத்தைப் பிடிக்கிறது, அப்போதுதான் காலால் தட்ட முடிகிறது. டிரம்ஸ் வருவது அதற்கும் பிறகு.

சினிமாப் பாட்டில் பல்லவி, இசை, சரணம், மறுபடி பல்லவி என்று ஒரு சட்டம் இருக்கிறது. இந்த வகை ராக் பாடல்களில் அது இல்லை. நாலைந்து வேறு வேறு பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூட்டப்பட்டிருக்கும். இரண்டு பாடல்களை ஒப்பிடும்போது பலரும் பகுதிகளை எண்ணிவிட்டு ‘இதில் ஆறு, அதில் நாலு’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை. ஒரு பகுதியை அடுத்ததோடு எப்படி மூட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் தெரியும். ஆம்பூர்ப் பக்கம் செருப்பு வேலை தெரிந்த யாரிடமும் கேளுங்கள், தோலைவிடத் தையலைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பார்கள்.

எந்தப் பாட்டு, எந்தப் பதிவு

பழகுவதற்கு நாலு பாடல்கள் போதும். பீட்டில்ஸின் ‘எ டே இன் த லைஃப்’ (1967), லெட் செப்பெலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ (1971), ‘பொஹீமியன் ராப்சடி’, ரேடியோஹெட்டின் ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ (1997). ரஷ் குழுவின் ‘2112’ இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும், அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எப்போதும் ஆல்பத்தில் வந்த ஸ்டூடியோ பதிவையே எடுங்கள். வீடியோக்களில் முன்னும் பின்னும் சில நொடிகள் சேர்ந்திருக்கும். மேடைப் பதிவில் டெம்போவே, அதாவது பாட்டின் வேகமே, வேறாக இருக்கும். ஒருவர் வீடியோவையும் இன்னொருவர் ஆல்பத்தையும் வைத்து நேரம் குறித்தால், இல்லாத வித்தியாசத்துக்கு மணிக்கணக்கில் விளக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள். ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்பில் கேட்பதானால், அமைப்புகளுக்குள் போய் பாட்டுகளை ஒன்றோடொன்று கலந்துவிடும் ‘கிராஸ்ஃபேட்’ வசதியையும், சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். முதலாவது பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் தின்றுவிடும். ‘ஸ்டேர்வே’ தனிக் குரலில் அடங்கி முடிகிறது. அந்த இடம் போனால் பாட்டின் வடிவத்தில் கால்வாசி போனது மாதிரி.

இயர்போன் சாதாரணமானதே போதும், அறைதான் அமைதியாக இருக்க வேண்டும். வெயிலூர் என்று கேலி பேசப்படும் ஊரில் மே மாதம் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமைதான். அதனால் அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து சென்னை போகும் ரயிலில் பாட்டை மனப்பாடமாகும்வரை கேட்கலாம், நேரம் மட்டும் குறிக்க வேண்டாம். தண்டவாளச் சத்தம் பேஸ் கிட்டாரை மூடிவிடும். ஒரு பகுதி எங்கே தொடங்குகிறது என்பதைப் பல இடங்களில் பேஸ்தான் சொல்லும்.

முதல் குறிப்பு: நேரம்

முதல் தடவை எதையும் நிறுத்தாமல் கேட்டு, ‘ஏதோ மாறிவிட்டது’ என்று தோன்றும் இடத்திலெல்லாம் தாளில் ஒரு கோடு போடுங்கள். ஏன் என்று யோசிக்க வேண்டாம். இரண்டாம் தடவை கணினியில். ஆடாசிட்டி இலவச மென்பொருள். பாட்டு ஓடும்போதே கன்ட்ரோல் விசையோடு எம் அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு அடையாளம் விழும். கை எப்போதும் கால் நொடி, அரை நொடி பிந்தும். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி அடையாளத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்துங்கள்.

‘பொஹீமியன் ராப்சடி’யில் இப்படி வரும்: குரல் முகப்பு 0:49 வரை, பாலட் (மெதுவான, உருக்கமான பாட்டு) 2:37 வரை, கிட்டார் சோலோ 3:05 வரை, ஆப்பரா 4:07 வரை, ஹார்ட் ராக் 4:54 வரை, முடிவு 5:55 வரை. ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’: முதல் பகுதி ஏறக்குறைய 2:00 வரை, இரண்டாவது 3:33 வரை, மெதுவான மூன்றாவது 5:35 வரை, மிச்சம் கடைசிப் பகுதி, மொத்தம் 6:23.

பாடல் வரிகளைத் தாளில் வைத்துக்கொண்டு பகுதி பிரிக்காதீர்கள். வரி மாறும் இடமும் இசை மாறும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பகுதி தனி என்று சொல்ல, டெம்போ, ஸ்ருதி, தாளம், வாத்தியக் கூட்டம் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு ஒருசேர மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மாறினால் அதை உட்பிரிவாகக் குறித்தால் போதும். இதை இரண்டு பாட்டுக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிக்காவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. கிட்டார் சோலோவில்தான் பெரும்பாலும் சறுக்கும்: ஒரு பாட்டில் அதைத் தனிப் பகுதியாக எண்ணி, மறு பாட்டில் முந்தையதோடு சேர்த்துவிடுவார்கள்.

டெம்போ: பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள்

டெம்போ காட்டும் ஆப்பை நம்பாமல் கையால் அளப்பதே மேல். பதினாறு தட்டுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 960-ஐ அந்த நொடியால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை பீட் என்று கிடைக்கும்.

இதில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று. வாட்சை அழுத்தும்போது ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கி, ‘பதினாறு’ என்று சொல்லி நிறுத்துவார்கள். அங்கே இருப்பது பதினைந்து இடைவெளிதான். ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’டின் முதல் பகுதிக்கு வர வேண்டிய விடை 82, இப்படி எண்ணினால் 11 நொடி காட்டி 87 வரும். வாட்சை அழுத்தும் தட்டை ‘பூஜ்யம்’ என்று சொல்லுங்கள். அப்போது 11.7 நொடி வரும், 82 கிடைக்கும். மூன்றாம் பகுதியில் 15.2 நொடி, அதாவது 63.

அதே பாட்டின் இரண்டாம் பகுதியையும் அளந்து பாருங்கள். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் வரி) நெருக்கமாக விழுவதால் வேகம் கூடிவிட்டது என்றுதான் காது சொல்லும். அளந்தால் அதே 82. கூடியது அடர்த்தி, டெம்போ இல்லை. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல: காலப்பிரமாணம் அப்படியே இருக்க, சொற்கள் நெருங்குகின்றன. ‘பொஹீமியன் ராப்சடி’யின் பாலட்டிலிருந்து ஆப்பராவுக்குப் போகும்போதும் இந்த மயக்கம் வரும். பாலட் சுமார் 72. ஆப்பராவை ஆப் 144 என்று காட்டும். இரட்டிப்பு என்றால் அடிநாடி அறுபடவில்லை என்று அர்த்தம். ‘72, பிறகு இரட்டிப்பு’ என்று எழுதுங்கள். வெறுமனே 144 என்று எழுதினால் உறவு மறைந்துவிடும்.

‘ஸ்டேர்வே’க்கு ஒரே எண் எழுதவே முடியாது. தொடக்கத்தில், நாலாவது நிமிஷத்தில், சோலோவில் என்று குறைந்தது மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றும் வேறாக, ஏறுமுகமாக வரும்.

ஸ்ருதி: கட்டையில் எழுதுங்கள்

மேற்கத்திய ஸ்கேல் பெயர்கள் வராவிட்டால் பரவாயில்லை. ஹார்மோனியமோ கீபோர்டோ வைத்துக்கொண்டு, நம்மவர்கள் சொல்கிற கட்டைக் கணக்கிலேயே எழுதலாம். ஸி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மேஜர் என்றால் சங்கராபரணம், மைனர் என்றால் நடபைரவி என்று தொடக்கத்துக்குப் போதுமான அளவில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ராகம் என்று இதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம், ஸ்வரத்தானத்துக்கான சுருக்கெழுத்து அவ்வளவுதான்.

‘ஸ்டேர்வே’ ஆறு கட்டை நடபைரவி வட்டத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை. ‘எ டே இன் த லைஃப்’ ஐந்து கட்டையில் தொடங்கி, நடுப்பகுதியில் மூன்று கட்டைக்குப் போய், கடைசியில் அந்த மூன்று கட்டை ஈ மேஜர் கார்டிலேயே முடிகிறது (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் அடிப்பதுதான் கார்ட்). பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த அந்தக் கார்ட் நாற்பது நொடிக்கு மேல் நின்று கரைகிறது. ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’: ஐந்து, பிறகு ஆறு, மூன்றாம் பகுதியில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே நடை, எல்லாம் மைனர். ‘பொஹீமியன் ராப்சடி’: ஆறரையில் தொடக்கம், சோலோ இரண்டரை, ஆப்பரா தொடங்குவது ஆறில், ராக் மறுபடி இரண்டரை, கடைசிக் கார்ட் நாலு கட்டை எஃப்.

பகுதியின் முதல் கார்டைப் பார்த்து ஸ்ருதியை முடிவு செய்யாதீர்கள். ஆறு கட்டை நடபைரவிக்கும் ஒரு கட்டை சங்கராபரணத்துக்கும் ஒரே வெள்ளைக் கட்டைகள்தான்; ஸட்ஜம் மட்டும் வேறு. ஸட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் காட்டும் கிரக பேதம் தெரிந்தவர்களும் இதில் ஏமாறுவார்கள். வரி முடிந்து இசை மூச்சுவிட்டு உட்காரும் ஸ்வரம் எது என்று பாடிப் பாருங்கள். அதுதான் ஸட்ஜம்.

தாளத்துக்கு அதிக நேரம் வேண்டாம். பெரும்பாலும் நாலு நாலாகப் போகும். கவனிக்க வேண்டியவை இரண்டு. ‘பொஹீமியன் ராப்சடி’யின் ஹார்ட் ராக் பகுதியில் ஒவ்வொரு பீட்டும் மூன்றாகப் பிளக்கிறது, திஸ்ர நடை. ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’டின் இரண்டாம் பகுதியில் இடையிடையே 7/8 பார்கள் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) வரும், அதாவது எட்டு அரை-பீட் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் சமம், அதாவது சுற்றின் முதல் தட்டு, அரைத் தட்டு முன்னாலேயே வந்து விழும், கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். மிஸ்ர சாபு என்று எழுதிவிடாதீர்கள். அது ஏழையே சுற்றிச் சுற்றி வருவது. இங்கே நாலு பீட் ஓட்டத்தில் அரைத் தட்டைத் திருடியிருக்கிறார்கள். திருட்டு உறைக்க வேண்டுமானால் சுற்றி நாலு இருந்தாக வேண்டும்.

மூட்டு

இப்போது முக்கியமான வேலை. ஒவ்வொரு எல்லைக்கும் முன்னால் நாலு பார், பின்னால் நாலு பார் மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். மூன்று கேள்விகள்: எது நிற்கிறது, எது தொடர்கிறது, புதிதாக எது வருகிறது. தொடர்வது ஒன்றுமே இல்லையென்றால் அது வெட்டு. ஒன்று தொடர்ந்தால் அதுதான் கொக்கி. இடையில் தனியாக ஒரு துண்டு இசை வைத்திருந்தால் பாலம். எல்லையே பிடிபடாமல் மெல்ல மெல்ல மாறினால் சரிவு.

‘பொஹீமியன் ராப்சடி’யின் 3:05-ஐயும் 4:07-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இந்தப் பாடம் முழுவதும் கிடைத்துவிடும். 3:05-ல் கிட்டாரும் டிரம்ஸும் விலக, பியானோ மட்டும் ‘டக் டக் டக்’ என்று வெட்டி வெட்டி கார்ட் போடுகிறது. ஸ்ருதி இரண்டரையிலிருந்து ஆறுக்குத் தாவியிருக்கிறது. கீபோர்டில் இரண்டரையை ஸட்ஜமாக வைத்து எண்ணிப் பாருங்கள்: ஆறு என்பது பிரதி மத்யமம். ஆக்டேவுக்குள் அதைவிடத் தூரம் போக வழியில்லை. மேடையில் விளக்கை அணைத்து வேறு செட்டில் போட்டது மாதிரி இருப்பதற்குக் காரணம் அந்தத் தூரம்.

4:07-ல் நடப்பது நேர்மாறு. குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, உச்சியில் டிரம்மர் ராஜர் டெய்லரின் குரல் ஆறரைக் கட்டை ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிறது. அடுத்து விழும் ராக் ரிஃப் இரண்டரைக் கட்டை. இரண்டரைக்கு ஆறரை பஞ்சமம். பஞ்சமத்தில் ஏற்றி நிறுத்தி, ஸட்ஜத்தில் தள்ளிவிடுகிறார்கள். சத்த அளவில் இது முன்னதைவிடப் பெரிய வெடிப்பு, ஆனால் காதுக்கு இயல்பாக இருக்கிறது. அங்கே சத்தம் குறைந்தும் அதிர்ச்சி, இங்கே சத்தம் கூடியும் நிறைவு. சத்தத்தை மட்டும் பார்த்து ‘பெரிய மாற்றம், சின்ன மாற்றம்’ என்று எழுதுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

பாலத்துக்கு ‘எ டே இன் த லைஃப்’. முதல் பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இடையே 24 பார் காலியாக விட்டுப் பதிவு செய்து, பிறகு நாற்பது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவை அதில் நிரப்பினார்கள். ஒவ்வொரு வாத்தியமும் தன் கீழ்க்கோடி ஸ்வரத்திலிருந்து மேலே ஏறுகிறது. விரல்விட்டு 24-ஐ எண்ணிப் பாருங்கள், எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்பதே அந்தப் பாலத்தின் வேலையைச் சொல்லும். நடுப்பகுதியிலிருந்து திரும்பி வரும் வழி வேறு. ஆகாரமாக இழுக்கும் குரலுக்கு அடியில் கார்டுகள் ஒன்று, ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று கட்டை என்று பஞ்சமம் பஞ்சமமாக நகர்கின்றன. போகும்போது கலவரம், வரும்போது ஒழுங்கான படிக்கட்டு.

சரிவுக்கு ‘ஸ்டேர்வே’. அதில் டிரம்ஸ் வருவதே நாலே கால் நிமிஷத்துக்குப் பிறகு. 8:02 ஓடும் பாட்டில் பாதிக்கு மேல் டிரம்ஸ் இல்லை. வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேருகின்றன, டெம்போ கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, ஸ்ருதி நகரவில்லை. சோலோவுக்கு முன்னால் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் ஒரு முழக்கம் மாதிரி வரும் துண்டு ஒன்றுதான் தெளிவான வாசல்.

‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ தனித்தனியாக இருந்த மூன்று பாட்டுகளை ஒட்டியதில் உருவானது. முதல் ஒட்டில் ரிஃப் அடக்கமாக நுழைந்து, காது பழகிய பிறகே டிஸ்டார்ஷனோடு (கரகரப்பான கிட்டார் ஒலியோடு) வெடிக்கிறது; டெம்போ அங்கே கொக்கி. 5:35-ல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அதே ரிஃப் திரும்ப வந்து விழுகிறது, சுத்தமான வெட்டு. ஏற்கெனவே கேட்ட ரிஃப் என்பதால் அந்த வெட்டை நம் காது மன்னித்துவிடுகிறது.

அதனால், திரும்பி வருவது எது என்பதையும் குறித்தாக வேண்டும். பகுதிகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். அதே சரக்கு திரும்பினால் அதே எழுத்து. ‘பாரனாய்ட்’ அ–ஆ–இ–ஆ. ‘எ டே இன் த லைஃப்’ அ–ஆ–அ, நடுவிலும் கடைசியிலும் அந்த ஆர்க்கெஸ்ட்ரா ஏற்றம். ‘பொஹீமியன் ராப்சடி’யில் எந்தப் பகுதியும் முழுதாகத் திரும்புவதில்லை, முகப்பின் கடைசி வரியின் சொற்கள் மட்டும் பாட்டின் வாலில் எட்டிப் பார்க்கின்றன. அதை எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியாகக் குறியுங்கள்.

ஒரே தாளில்

ஏ4 கிராஃப் தாளைக் குறுக்காக வையுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு நொடி. ‘ஸ்டேர்வே’யின் 482 நொடி 241 மில்லிமீட்டராகத் தாளுக்குள் அடங்கும், ‘பொஹீமியன் ராப்சடி’ 177.5. ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு வரிசை: பகுதி எழுத்து, டெம்போ, கட்டை, வாத்தியங்கள். எல்லைகளில் வெட்டுக்கு இரட்டைக் கோடு, கொக்கிக்கு வளைவு, பாலத்துக்குக் கட்டம், சரிவுக்குச் சாய்கோடு. கீழே தனியாக, ஒவ்வொரு பகுதியும் மொத்தப் பாட்டில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள்.

சத்த அளவை ஆடாசிட்டி அலையின் பருமனைப் பார்த்து வரையலாம், ஆனால் ஒரு பாட்டுக்குள் மட்டும். 1971 பாட்டையும் 1997 பாட்டையும் அலை பருமனில் ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்வது) செய்த விதத்தை. ரீமாஸ்டர் வாங்கினால் அதே பாட்டே பருத்திருக்கும்.

சதவீதத்தில்தான் எதிர்பாராதது தெரியும். ‘பொஹீமியன் ராப்சடி’ என்றதும் எல்லோரும் பேசும் ஆப்பரா 62 நொடி, 17 சதவீதம். ஹார்ட் ராக் 47 நொடி, 13 சதவீதம். அதிக இடம் பிடித்திருப்பது பாலட், 30. ‘பாரனாய்ட்’டில் மெதுவான மூன்றாம் பகுதி 122 நொடி, 32 சதவீதம், ஆக இரண்டு பாட்டிலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய பெரிய துண்டு அமைதியானதுதான். வித்தியாசம், குவீன் அதை முன்பாதியில் வைத்துப் பிறகு உடைத்துக்கொண்டே போகிறார்கள். ரேடியோஹெட் பின்பாதியில் வைத்து, வெடித்து முடிந்த பிறகு நம்மைக் காத்திருக்க விடுகிறார்கள். கட்டமைப்பை ஒப்பிட்டு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் எழுத வேண்டியது இந்த மாதிரி வாக்கியம்.

மேடையில் வாசிப்பவர்களுக்கு

விஐடி ரிவியரா மாதிரிக் கல்லூரி விழாவுக்கு இந்தப் பாடல்களைத் தயார் செய்யும் பேண்டுகள், நேரம் போதாமல் பாட்டைச் சுருக்க வேண்டி வரும். தாளில் இரட்டைக் கோடு போட்ட இடங்களில் தைரியமாக வெட்டலாம். அங்கே தொடர்வது ஏதும் இல்லை. வளைவு போட்ட இடத்தில் கை வைத்தால் டெம்போவோ ஸ்ருதியோ அநாதையாக நிற்கும். சரிவில் வெட்டவே கூடாது. ‘ஸ்டேர்வே’யின் நடுவில் ஒரு நிமிஷத்தைத் தூக்கினால், டிரம்மர் எந்த வேகத்தில் நுழைவது என்று தெரியாமல் சோலோ வேகத்திலேயே நுழைவார், பிறகு ஏற இடமிருக்காது.

கிளிக் (காதில் ஓடும் மெட்ரோனோம் தட்டு) வைத்து வாசிப்பதானால் ‘பாரனாய்ட்’டுக்கு 82, 63, மறுபடி 82 என்று மூன்று துண்டாக அமைத்துக்கொள்ளுங்கள். 63-க்குள் நுழையும்போது பெரும்பாலும் பிரச்சினை வராது. திரும்பி 82-க்கு ஏறும் இடத்தில்தான் ஆளுக்கு ஒரு வேகத்தில் விழுவார்கள். அந்த ரிஃபுக்கு முன் இரண்டு பாருக்கு டிரம்மர் காதில் மட்டும் 82 ஓடட்டும். மற்றவர்கள் அவருடைய குச்சியைப் பார்க்கட்டும்.